ஜீனோ அச்சன்புதூருக்கு வந்த வழி

சுஜாதா தன் கதைக்குக் குறித்துவைத்த எதிர்காலம் வந்து, கடந்தும் போய்விட்டது. 1980-களில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தபோது அதற்குள் இருந்தது 2020-களின் தொடக்கத்து இந்தியா. ஜீவா என்ற ஒற்றை ஆளின் பிடியில் நாடு. ஆட்களுக்கு இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி தர வேண்டும். அப்படி அனுமதி கிடைத்த நிலாவின் கணவன் சிபி திடீரென்று காணாமல் போகிறான். வீட்டுக்கு ரவி என்பவன் குடிவருகிறான், கூடவே ஒரு நாய். பேசும் நாய், புத்தகம் வாசிக்கும் நாய், இயந்திர நாய். பெயர் ஜீனோ.

அவர் சொன்னதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்குப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. பெங்களூரில் ஒரு பொறியாளர் எழுதிய அந்த நாய், புத்தகக் கடையே இல்லாத அச்சன்புதூரின் பிள்ளைகளிடம் எப்படி வந்துசேர்ந்தது?

தென்காசியிலிருந்து கடையநல்லூர் போகும் பெருஞ்சாலையை விட்டு மேற்கே மலையைப் பார்த்துத் திரும்பினால் வரும் பேரூர் அச்சன்புதூர். பக்கத்தில் நெடுவயல், வடகரை, பண்பொழி. மேக்கரையில் 132 அடி உயர அடவிநயினார் அணை, அதிலிருந்து அனுமன் நதி, நதியை நம்பி நெல்லும் தென்னையும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. நான் சிறுவனாக இருந்தபோது இதெல்லாம் நெல்லை மாவட்டத்தின் மேற்கு விளிம்பு. பாடப்புத்தகத்துக்கும் உரைநூலுக்கும்கூடத் தென்காசிக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

ஆனால் வாரப் பத்திரிகை வந்தது. அதுதான் விஷயம். பஸ்ஸின் கூரையிலோ டிரைவர் சீட்டுக்குப் பின்னாலோ கட்டாக வந்து இறங்கும். கடையில் கயிறு கட்டி, அதில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள்.

“அண்ணாச்சி, விகடன் வந்துட்டா?”

“பஸ்ஸு இன்னும் வரல டே. பொறவு வா.”

வாங்குகிற வீடுகள் சில, வாசிக்கிற வீடுகள் பல. ஒரு பிரதி வாத்தியார் வீட்டில் தொடங்கி, பக்கத்து வீடு, எதிர் வீடு என்று தெருவைச் சுற்றும். முடிவெட்டும் கடையில் காத்திருக்கிறவர்கள் கையில் பழைய பிரதிகள். கடைசியாக எந்த வீட்டில் தங்குகிறதோ அந்த வீட்டுப் பெண்கள் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கவனமாகக் கிழித்து எடுத்துவைப்பார்கள். தொடர் முடிந்ததும் நூல் போட்டுத் தைத்து, கெட்டி அட்டை ஒட்டி, முதுகில் பெயர் எழுதினால் அது புத்தகம். அந்தத் தலைமுறையின் பாதி இலக்கியம் இப்படிப் பைண்டு செய்து வாசித்ததுதான். பதிப்பாளர் கணக்கில் வராத புத்தகங்கள் அவை. தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனை பரணில் இப்போதும் கிடக்கின்றனவோ.

என் அத்தை அப்படிச் சேர்த்துவைத்த தொகுப்பில்தான் நான் ஜீனோவைப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவர் அவர். வாசிப்பை நிறுத்த யாராலும் முடியவில்லை. அட்டையில் நீல மையில் ‘எ.இ.இயந்திரா’ என்று சுருக்கி எழுதியிருந்தார். நடுவில் சில வாரங்கள் இல்லை. தொடரும் என்று ஒரு பக்கம் முடியும், அடுத்த பக்கத்தில் நிலா வேறெங்கோ இருப்பாள். இடையில் என்ன நடந்திருக்கும் என்று அத்தையைக் கேட்டால் அவரே ஒரு கதை சொல்லுவார். பல வருஷம் கழித்து நூலாக வாங்கி வாசித்தபோது அந்த இடங்களில் மட்டும் அத்தை சொன்னதே மனதில் ஓடியது.

அந்தப் பக்கங்களின் பின்புறங்களும் எனக்கு நினைவிருக்கின்றன. ஜீனோ பேசும் பக்கத்தைத் திருப்பினால் அரைகுறையாக வெட்டுப்பட்ட ஒரு ஜோக், சினிமா விமர்சனத்தின் வால், தைல விளம்பரம். அறிவியல் புனைகதை என்பது தனி அலமாரியில் வைத்துத் தனி ஆட்கள் வாசிக்கும் பொருள் என்பது அமெரிக்காவில் உண்டான ஏற்பாடு. அங்கே 1926-இல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். தமிழில் அந்த அலமாரி இல்லை. அது இல்லாததால் நமக்கு ஒரு பெரிய நன்மை நடந்தது என்று நான் நம்புகிறேன். சமையல் குறிப்பு பார்க்க எடுத்த அத்தையும், ஜோக் வாசிக்க எடுத்த நானும் ஒரே எதிர்காலத்துக்குள் போய் விழுந்தோம். ஊர் முழுக்க அதைப் பேசியது. வயல் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் அத்தை கேட்பார்: “ஏல, அந்த ஜீவாப் பய நெசமாவே இருக்கானா, இல்ல படம் காட்டுதானுவளா?” நாவலின் மையக் கேள்வி அதுதான். எந்த விமர்சகரும் அதைவிடச் சுருக்கமாகக் கேட்டதில்லை.

சிவகாசியிலிருந்து ஓர் இரும்புக்கை

சுஜாதா வெறும் தரையில் வந்து விதைக்கவில்லை. நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு எதிர்காலம் முதலில் வந்தது சிவகாசியிலிருந்து. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வெளிவந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் மனிதன். இங்கிலாந்துப் பத்திரிகையில் பிறந்த அந்தப் பாத்திரத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் தத்தெடுத்துக்கொண்டார்கள். மின்சாரத்தைக் கண்டு பயப்பட வேண்டிய வயதில் அதன்மேல் எங்களுக்கு ஆசை வந்தது. 1984-இல் லயன் காமிக்ஸும் சேர்ந்துகொண்டது. பண்டமாற்றில் இவற்றுக்குத் தனி விலை இருந்தது: ஒரு மாயாவிக்கு இரண்டு மற்றவை.

இன்னொரு வழியாகச் சோவியத் புத்தகங்கள் வந்தன. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டி ஊர் ஊராக வரும். யா. பெரெல்மானின் ‘பொழுதுபோக்குப் பௌதிகம்’ கெட்டி அட்டையில், நல்ல தாளில், மிட்டாய் காசுக்குக் கிடைத்தது.

இன்னும் பின்னால் போனால், இந்த மண்ணுக்கு இதில் நெடிய பாத்தியதை உண்டு. மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ நாவலை ‘பிரேத மனிதன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர் நெல்லைக்காரரான புதுமைப்பித்தன். தமிழில் அறிவியல் கட்டுரைக்கு வழி போட்ட பெ.நா.அப்புசாமி பிறந்தது தாமிரபரணிக் கரைப் பக்கம் பெருங்குளத்தில், 1891-இல். பள்ளியில் இவர்கள் பெயரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் தேடிப் போயிருப்போம்.

இத்தனை பேர் இருந்தும் பிடித்துக்கொண்டது சுஜாதாவைத்தான். காரணம், மாயாவியின் உலகம் வேறு யாருடைய உலகமோ. ஜீனோ வந்த வீடு எங்களுடைய வீடாக இருக்க முடிந்தது. அங்கே நிலா அழுதாள், குடியிருக்க வந்தவனைச் சந்தேகத்தோடு பார்த்தாள், கணவனைத் தேடி அரசு அலுவலகத்தில் அலைந்தாள். நிழற்படமாகத் தெரிகிற தலைவர், அவருக்காக ஆரவாரிக்கும் கூட்டம், கேள்வி கேட்டால் ஆளைக் காணோம். எதிர்காலம் என்ற பெயரில் அவர் எழுதியதில் பாதி, பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட நிகழ்காலம் என்பது வளர்ந்த பிறகே புரிந்தது. நெருக்கடி நிலை முடிந்து பத்தாண்டுகூட ஆகாத காலம் அது.

சிறு பிள்ளையை அவர் மதித்தார் என்பது இன்னொரு காரணம். எந்தக் கருவியும் எப்படி வேலை செய்கிறது என்று நிறுத்தி வகுப்பெடுக்க மாட்டார். பெயரைச் சொல்லிவிட்டுக் கதையை ஓட்டிக்கொண்டு போவார். லேசர், ஹோலோகிராம், டேட்டா என்று வரும். புரிந்தவன் புரிந்துகொள், புரியாதவன் கூடவே ஓடிவா, பிறகு தெரிந்துகொள்ளலாம். அப்படி ஓடியதில் ஒரு சுகம் இருந்தது. அந்தக் கதையிலேயே ஆகப் புத்திசாலி யாரென்றால் ஜீனோ. அது வாசித்து வாசித்துத்தான் புத்திசாலியாகிறது, செய்துவைத்தவர்கள் நினைத்ததைத் தாண்டி யோசிக்கத் தொடங்குகிறது. வாசிப்பு ஓர் இயந்திரத்தைக்கூட மாற்றும் என்று ஒரு பையனுக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இன்று பெருந்தரவைப் படித்து மொழி பழகும் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த நாய்தான் ஞாபகம் வருகிறது.

சாரல் ஏன் இங்கே மட்டும்?

ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று அவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். இன்றும் விற்கும் புத்தகம் அது. அதைப் பார்த்து நாங்களும் நோட்டில் கேள்வி எழுதத் தொடங்கினோம். அனுப்பினோமோ இல்லையோ, எழுதினோம். என் நோட்டில் இருந்த முதல் கேள்வி: ஆனி, ஆடியில் அச்சன்புதூரில் சாரல் அடிக்கிறது, திருநெல்வேலியில் அதே நேரம் வெயில் கொளுத்துகிறதே, ஏன்?

குற்றாலத்துக்கு வரும் லட்சக்கணக்கானவர்கள் அருவியில் நனைகிறார்கள், இதைக் கேட்பதில்லை. பதில் மேற்கில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மேலே ஏறும்போது குளிர்ந்து, கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் ஈரம் வற்றிவிடும். அதனால் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலை தாழ்ந்து ஒரு கணவாய் விடுகிறது. ரயிலும் சாலையும் கொல்லத்துக்குப் போகிற அந்த வழியாகவே காற்றும் ஈரத்தோடு நுழைகிறது. கணவாய்க்கு நேர் எதிரே இருக்கும் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம், பண்பொழி வட்டாரத்துக்குச் சாரல். கொஞ்சம் கிழக்கே போனால் வெறும் காற்று. சுரண்டைப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் சுற்றுவதும் அதே கணவாயின் தயவில்தான்.

இதை நான் சுஜாதாவின் பக்கத்தில் வாசிக்கவில்லை. அவர் கிளப்பிவிட்ட கேள்வியைத் தூக்கிக்கொண்டு தென்காசி நூலகத்துக்குப் போய், பெரியசாமித் தூரன் பொறுப்பில் உருவான பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிப் புரட்டிப் பிடித்தேன். தூசு வாடை அடிக்கும் அந்தத் தொகுதிகளை எடுத்துத்தர நூலகர் தயங்கவே இல்லை. சின்னப் பையன் பெரிய புத்தகம் கேட்கிறானே என்று சந்தோஷப்பட்டார்.

ஒரே ஆள், இரண்டு பெட்டி

சுஜாதா என்ற எஸ்.ரங்கராஜன் 1935 மே 3 அன்று சென்னையில் பிறந்தார், ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். அப்துல் கலாம் படித்த அதே திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, அதே குரோம்பேட்டை எம்.ஐ.டி. கொஞ்ச காலம் விமானப் போக்குவரத்துத் துறை, பிறகு பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ். எழுதுவதற்கு மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். கணேஷ், வசந்த் துப்பறியும் கதைகளைப் பற்றியும் சினிமா வசனம் பற்றியும் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது பாரத் எலக்ட்ரானிக்ஸில் அவர் முன்னின்று உருவாக்கிய வாக்குப்பதிவு இயந்திரம்.

மின்னணு வாக்குப்பதிவு முதலில் நடந்தது நமக்கு மலைக்கு அந்தப் பக்கம். 1982-இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984-இல் தீர்ப்பு. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் வந்துவிட்டது. ஜனநாயகம் தொலைந்த நாட்டைக் கதையில் கற்பனை செய்து பயந்த அதே ஆள், ஆபீஸ் நேரத்தில் ஜனநாயகத்துக்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சுஜாதா முழுசாகத் தெரிகிறார்.

2001-இல் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அத்தையிடம், ஜீனோ எழுதியவர் செய்த மெஷின் அது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்பம் சரியாத்தான் எண்ணும்” என்றார்.

இலக்கிய வட்டம் சுஜாதாவை அரைமனதோடுதான் ஏற்றது. குற்றாலம் இலக்கியத்துக்குப் பேர்போன இடம். ரசிகமணி டி.கே.சி. இங்கே தங்கித்தான் வந்தவர்களுக்கெல்லாம் கம்பனைச் சுவைக்கக் கற்றுக்கொடுத்தார். ராஜாஜியும் கல்கியும் வந்து போனார்கள். பிற்பாடு கவிஞர் கலாப்ரியா குற்றாலத்தில் நடத்திய ‘பதிவுகள்’ கூட்டங்களுக்குத் தமிழின் முக்கியமான படைப்பாளிகள் வந்தார்கள். எல்லாம் அச்சன்புதூரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்விடும் தூரம்தான். எங்களுக்குத் தெரியாது. அழைப்பு எங்கள் தெரு வரை வரவில்லை. பஸ்ஸில் இறங்கிய கட்டு வந்தது. பரபரப்பாக எழுதுகிறவர் என்று அவரைத் தள்ளிவைத்தவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்ததில்லை. சாகித்ய அகாதெமி விருது அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஊடகம் வழியாக அறிவியலைப் பரப்பியதற்காக 1993-இல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை விருது கொடுத்தது. அதையாவது செய்தார்களே.

குறை இல்லாமல் இல்லை. வாராவாரம் எழுதியதன் அடையாளம் அந்த நாவல்களில் நன்றாகவே தெரிகிறது. தொடக்கம் பிரமாதமாக இருக்கும், முடிவு நெருங்க நெருங்க அவசரம் கூடும். வாரக் கடைசியில் ஒரு திடுக் வேண்டும் என்பதற்காகவே நுழைக்கப்பட்ட திடுக்குகள் உண்டு. இரண்டாம் பாகமான ‘மீண்டும் ஜீனோ’ முதல் பாகத்தின் அளவுக்கு என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவருடைய விஞ்ஞானச் சிறுகதைகளில் இந்தக் குறை கிடையாது. இடம் சிறிது, அவருக்கு அதுவே வசதி.

அவர் 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். 21 நாள் கழித்து, மார்ச் 19-இல், கொழும்பில் ஆர்தர் சி.கிளார்க் மறைந்தார். பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்களால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-இலேயே எழுதியவர் கிளார்க். 1956-இலிருந்து இலங்கையிலேயே வாழ்ந்தார். இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட எங்கள் வீட்டில், கடலுக்கு அந்தப் பக்கம் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்குச் சொன்னவர் சுஜாதா. ஆசிமோவ், கிளார்க் என்று போகிறபோக்கில் பெயர்களைப் போட்டுக்கொண்டே போவார். அந்தப் பெயர்களைத் தாளில் குறித்துவைத்துக்கொண்டு, பின்னால் சென்னைக்குப் படிக்கப் போனபோது மூர் மார்க்கெட் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளில் தேடியவர்கள் எங்கள் தலைமுறையில் ஏராளம்.

இப்போதைய பிள்ளைகளுக்கு

மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் மென்பொருள் செய்கிறது. தென்காசிப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமலே கணினி வேலை பார்க்கலாம் என்றாகிவிட்டது. எங்கள் காலத்தில் இதைக் கதையில் எழுதியிருந்தால் விகடன் ஆசிரியரே நம்பியிருக்க மாட்டார். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. நெல்லைச் சீமையே ஒரு சுஜாதா கதைபோல ஆகிவருகிறது. ஆனால் அதைக் கதையாக வாசிக்கும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். கையிலிருக்கும் போன் அவர்கள் ஏற்கெனவே விரும்பியதையே மறுபடி மறுபடி கொண்டுவந்து கொடுக்கிறது. சமையல் குறிப்புக்கு அடுத்த பக்கத்தில் இயந்திர நாயை அது வைக்காது. கவலையாகத்தான் இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. அச்சன்புதூரில் ஓட்டு வீடு வைத்திருப்பவரும் அதைக் கட்டுகிறார். ஆகவே தென்காசியிலோ கடையநல்லூரிலோ செங்கோட்டையிலோ நூலகத்துக்குள் போய் உரிமையோடு கேளுங்கள். இல்லையென்றால் வாங்கிவைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழ் 1987-இலிருந்து பிள்ளைகளுக்காக வருகிறது. அதில் கேட்டு எழுதலாம். ஆயிஷா இரா.நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ 2014-இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றது. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு.

சுஜாதாவில் எங்கே தொடங்குவது என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். பத்து, பன்னிரண்டு வயதுக்கு ‘ஏன்? எதற்கு? எப்படி?’ போதும். வரிசையாக வாசிக்க வேண்டாம், புரட்டட்டும். அடுத்து விஞ்ஞானச் சிறுகதைகளில் ‘ஜில்லு’. ஊரைக் காலி செய்ய வேண்டிய ஒரு பேரழிவு நாளில் ஒரு சிறுவனும் அவன் நாயும். கூட இருந்து வாசியுங்கள், பிள்ளை அழக்கூடும். திருப்பதி தரிசனத்தை எதிர்காலத்தில் வைத்துப் பார்த்த ‘திமலா’வை ஒன்பதாம் வகுப்பு வரட்டும், கொடுக்கலாம். ‘என் இனிய இயந்திரா’வை முழுப் பரீட்சை லீவில் கொடுங்கள். ஒரே மூச்சில் முடிக்க விடாமல், நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று அளந்து கொடுங்கள். இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது, அந்த ஜீவா உண்மையிலேயே இருக்கிறானா என்று நீங்களே பேச்சைத் தொடங்கலாம்.